வீட்டில் பவளத்தொட்டி: தொட்டியின் அளவையும் விளக்கையும் தேர்ந்தெடுக்க இராமநாதபுரம் கடலோரத்தாருக்கு ஒரு வழிகாட்டி

பவளத்தொட்டி, அதாவது உயிருள்ள பவளங்களை வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி, வைக்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது எந்த விளக்கு வாங்கலாம் என்பதைத்தான். இராமேசுவரம், பாம்பன், மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி, தொண்டி போன்ற நம் கடலோர ஊர்களில் அந்தக் கேள்வியைக் கடைசியில் வைத்துக்கொள்வதே நல்லது. எந்த உயிரை வளர்க்கப் போகிறோம் என்பது முடிவானால் தொட்டியின் அளவு தெரியும். தொட்டியின் நீள அகலமும் ஆழமும், அது நிற்கப்போகும் அறையின் வெப்பமும் தெரிந்தால்தான் எவ்வளவு வெளிச்சம் வேண்டும், எந்த வகை விளக்கு ஒத்துவரும் என்று சொல்ல முடியும். இந்த வரிசையை மாற்றி, பளிச்சென்ற விளக்கை வாங்கி வைத்துக்கொண்டு அதற்கேற்ற தொட்டியைத் தேடுகிறவர்களுக்குச் சித்திரையும் வைகாசியும் கடுமையான சோதனையாகிவிடுகின்றன. நன்னீர் மீன்தொட்டி வைத்து நன்கு பழகியவர்களுக்கும் கடல்நீர்த் தொட்டி புதிதுதான் என்பதால், எதையும் தெரிந்ததாக எடுத்துக்கொள்ளாமல் தொடக்கத்திலிருந்தே சொல்கிறேன்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது: எந்த உயிர்?

நம் வாசலில் இருப்பது காப்பாற்றப்பட்ட கடல். பாம்பன் பக்கத்திலிருந்து தூத்துக்குடி வரை உள்ள 21 தீவுகளையும் அவற்றைச் சுற்றியுள்ள பவளப்பார்களையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டர் பரப்பு 1986இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1989இல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. அதற்கு முன்பு பல காலம் சுண்ணாம்புக் காளவாய்க்கும் கட்டடத்துக்கும் பவளக்கல் வெட்டப்பட்டது. தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயத்தின் சுவரை அருகில் போய்ப் பார்த்தால் கல்லில் பவளத்தின் சின்னஞ்சிறு கண்ணறைகள் இன்றும் தெரியும். பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் இன்று நீர்மட்டத்துக்குக் கீழே கிடக்கின்றன. எனவே தொட்டிக்காகக் கடலிலிருந்து எதையும், ஒரு துண்டு உயிர்ப்பாறையை (நுண்ணுயிர்கள் குடியிருக்கும் கடற்கல்லை)க்கூட, எடுக்கக் கூடாது என்பதை முதல் விதியாகக் கொள்ள வேண்டும்.

சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. பார் கட்டும் கடினப் பவளங்கள் அனைத்தும், கருப்புப் பவளம், ஆர்கன் பைப் பவளம், நெருப்புப் பவளம், கடல்விசிறிகள் ஆகியவையும் 2001 முதல் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டுள்ளன. கடல்குதிரையும் கடலட்டையும் அப்படியே. வெளிநாட்டுப் படங்களில் பார்க்கும் கிளைக்கொம்புப் பவளங்கள் நிறைந்த தொட்டியை மனத்தில் வைத்துக்கொண்டு தொடங்க வேண்டாம் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான். இரண்டாவது காரணம், அவை கேட்கும் கடும் வெளிச்சமும் நிலையான குளிர்ச்சியும் நம் வீடுகளில் தொடர்ந்து கொடுப்பதற்கு மிகவும் கடினமானவை.

புதியவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டியவை தொட்டியிலேயே பெருக்கப்பட்ட மென்பவளங்களும் அவற்றின் உறவினங்களும் ஆகும்: மஷ்ரூம், ஸோவாந்தஸ், லெதர் எனப்படும் தோல் பவளம், ஸீனியா. இவற்றையும் எங்கிருந்து வந்தது என்று எழுத்தில் காட்டும் விற்பனையாளரிடம் மட்டும், ரசீதோடு வாங்க வேண்டும். வாங்குவதற்கு முன் இராமநாதபுரத்தில் உள்ள வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் இனத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டுத் தெளிந்துகொள்வது மிகவும் நல்லது. ஸோவாந்தஸைத் தொடும்போது கையுறையும் கண்ணாடியும் அணிய வேண்டும், ஏனெனில் அக்குடும்பத்தின் சில இனங்களில் கொடிய நஞ்சு உண்டு. மீனைப் பொறுத்தவரை நமக்கு ஒரு பெருமை இருக்கிறது. மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்க்கும் முறையைச் செம்மைப்படுத்தியிருக்கிறது. பொரிப்பகத்தில் பிறந்த ஒரு சோடி கோமாளி மீன், காட்டுமீனைவிடத் தொட்டி வாழ்க்கைக்கு எளிதில் பழகும்.

ஒரு சொல் கூடுதலாக. தொட்டியைக் கலைக்க நேர்ந்தால் அதில் உள்ள எதையும் கடலில் கொண்டுபோய் விடக் கூடாது. மண்டபம் பகுதியில் வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்ட கப்பாஃபைகஸ் பாசி குருசடைத் தீவின் பவளங்களின் மேல் படர்ந்து அவற்றை மூடியதை நம் கண்முன்னே பார்த்திருக்கிறோம்.

தொட்டியின் அளவு

சிறிய தொட்டி என்றால் செலவும் குறைவு, வேலையும் குறைவு என்ற எண்ணம் நன்னீர்த் தொட்டிகளிலிருந்து வந்தது. கடல்நீரில் இது தலைகீழாக நடக்கிறது. நீர் ஆவியாகிப் போகும்போது உப்பு போவதில்லை. குறைந்த நீரில் அதே உப்பு தங்கிவிடுகிறது. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் கொண்ட தொட்டியின் கொள்ளளவு ஏறக்குறைய 56 லிட்டர். மணலும் கல்லும் போக 50 லிட்டர் நீர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மின்விசிறி ஓடும் கோடை நாளில் அதிலிருந்து இரண்டு லிட்டர் வற்றினால் ஆயிரத்துக்கு 35 என்றிருந்த உப்புச்செறிவு ஒரே நாளில் 36.5க்கு ஏறிவிடும். ஊருக்குப் போய் இரண்டு நாள் கழித்துத் திரும்பினால் நிலைமை என்னவாக இருக்கும் என்பதை இதிலிருந்தே கணக்கிட்டுக்கொள்ளலாம். அதே இரண்டு லிட்டர் 190 லிட்டர் நீரிலிருந்து போனால் உப்புச்செறிவு 35.4ஐத் தொடாது. வெப்பமும் அப்படியே, சிறிய தொட்டி அறையோடு சேர்ந்து வேகமாகச் சூடேறும், வேகமாக ஆறும், பெரிய தொட்டி மெல்ல மாறும். மின்சாரம் நின்றாலும் மெல்ல மாறும் தொட்டியே நமக்குச் சில மணி நேர அவகாசம் கொடுக்கிறது.

ஆகவே நான் பரிந்துரைக்கும் குறைந்தபட்ச அளவு மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். ஒரு கன அடி 28.3 லிட்டர் என்பதால் இதன் கொள்ளளவு ஏறத்தாழ 190 லிட்டர். இடமும் வசதியும் இருந்தால் அகலத்தை இரண்டடியாக்கிக்கொள்ளலாம். அப்போது 255 லிட்டர் ஆகும். உயரத்தை மட்டும் கூட்டாதீர்கள். கண்ணாடித் தொட்டி செய்கிறவரிடம் போனால், உயரமான தொட்டி பார்வைக்கு எடுப்பாக இருக்கும் என்று சொல்லக்கூடும். ஆனால் உயரம் கூடக்கூட அடியில் சேரும் வெளிச்சம் குறைகிறது, அதை ஈடுகட்ட வலுவான விளக்கு தேவைப்படுகிறது, அந்த விளக்கு கூடுதல் வெப்பத்தைத் தருகிறது. காற்றும் நீரும் உறவாடும் மேற்பரப்பு மட்டும் அப்படியே இருப்பதால் உயிர்வளி கூடுவதில்லை. தவிர, தோள்வரை கையை விட்டாலும் அடிமணலை எட்ட முடியாத தொட்டியைச் சுத்தமாக வைத்திருப்பது நடைமுறையில் இயலாத காரியம். அகலம் கூடிய, உயரம் குறைந்த தொட்டிதான் நம் சூழலுக்கு ஏற்றது. மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றியுள்ள பார்களும் ஆழம் குறைந்த நீரிலேயே பரந்து கிடக்கின்றன.

இந்த அளவில் மீன் எத்தனை என்பதையும் இப்போதே முடிவு செய்துகொள்ள வேண்டும். ஒரு சோடி கோமாளி மீனும், சிறிய இனத்து மீன்கள் இரண்டு மூன்றும் போதும். மீன் கூடினால் கழிவு கூடும். கழிவு கூடினால் விளக்கு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பவளத்துக்குப் பதிலாகப் பாசிதான் வளரும்.

வாரம் ஒருமுறை பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றுவதை வழக்கமாகக் கொள்ளலாம். 190 லிட்டர் தொட்டிக்கு அது ஏறக்குறைய ஒரு 20 லிட்டர் கேன். இந்த வேலையை ஒருவர் தனியாக, முதுகு நோகாமல் செய்ய முடியும். நான்கடிக்கு இரண்டடிக்கு இரண்டடித் தொட்டி என்றால் 450 லிட்டர். வாரந்தோறும் இரண்டு கேனுக்கும் மேல் உப்புநீர் கலக்க வேண்டியிருக்கும். நம் பகுதியில் நல்ல தண்ணீர் கிடைப்பதில் உள்ள சிரமத்தை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பெரும்பாலான ஊர்களில் நிலத்தடி நீர் உவர்ப்பாக இருப்பதால் ஆர்.ஓ. நீரில்தான் உப்பைக் கலக்க வேண்டும். ஆவியாகிப் போன நீரை ஈடுசெய்யவும் அதே ஆர்.ஓ. நீரையே ஊற்ற வேண்டும். அந்த இடத்தில் உப்புநீரை ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். தொட்டியின் அளவைத் தீர்மானிக்கும்போது இந்தத் தண்ணீர்ச் செலவையும் சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டும்.

கடல் பக்கத்திலேயே இருக்கும்போது உப்பை ஏன் விலை கொடுத்து வாங்க வேண்டும் என்று கேட்பது இயல்பு. கரையோர நீரில் படகுத்துறைகளின் டீசல் கலந்திருக்கும்; வடகடல் (பாக் விரிகுடா) பக்கம் பல மாதங்கள் நீர் கலங்கலாகவே இருக்கும்; ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பின் அளவு இறங்கும். வடிகட்டி, கிருமி நீக்கி, ஒவ்வொரு முறையும் அளந்து பார்க்கும் ஏற்பாடு இருந்தாலொழிய அந்த நீரை நம்ப முடியாது. வாலிநோக்கம் போன்ற இடங்களின் உப்பளத்து உப்பும் இதற்கு உதவாது, ஏனெனில் பவளத்தொட்டிக்குத் தேவையான மக்னீசியத்தின் பெரும்பகுதி உப்பு விளைந்தபின் ஒதுக்கப்படும் கழிநீரோடு போய்விடுகிறது. கடல்தொட்டிக்கென்று விற்கும் உப்பை லிட்டருக்கு 35 கிராம் அளவில் கலந்து, உப்பின் அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் என்ற கருவியில் ஒப்படர்த்தி (நன்னீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.025 காட்டுகிறதா என்று பார்த்துக்கொள்வதே பாதுகாப்பானது.

இடமும் தாங்கியும்

மூன்றடித் தொட்டிக்கு 10 மி.மீ. கண்ணாடியும் நான்கடிக்கு இரண்டடிக்கு இரண்டடித் தொட்டிக்கு 12 மி.மீ. கண்ணாடியும் வேண்டும். நீர், கண்ணாடி, கல், மணல், தாங்கி எல்லாம் சேர்ந்து முதலாவது ஏறக்குறைய 300 கிலோ எடை வரும். இரண்டாவது 650 கிலோவைத் தாண்டும். தரைத்தளத்தில் வைப்பதே உத்தமம். மாடியில்தான் வைக்க வேண்டும் என்றால் அறையின் நடுவில் வைக்காமல், கீழே சுவரோ உத்தரமோ தாங்கும் இடத்தில் வைக்க வேண்டும். பழைய மரவிட்டத் தளமுள்ள வீடுகளில் மாடியை மறந்துவிடுங்கள். கடற்காற்றில் சாதாரண இரும்புத் தாங்கி பெயின்ட் அடித்தாலும் ஓரிரு ஆண்டுகளில் பற்றவைத்த இடங்களில் துரு கக்கத் தொடங்கும். செங்கல் அல்லது ஹாலோ பிளாக் கட்டி, மேலே கடப்பாக்கல் பதித்து, அதன் மேல் தெர்மோகோல் தாள் விரித்துத் தொட்டியை வைப்பது நம் ஊர்க் கொத்தனாரே ஒரு நாளில் முடித்துத் தரக்கூடிய, துருப்பிடிக்காத வழி.

சன்னல் வெயில் தொட்டியில் படக் கூடாது. இதை வெயில் காலத்தில் ஒருமுறை பார்த்து முடிவு செய்தால் தவறாகிவிடும். சித்திரை பிறக்கும் நாட்களில் நண்பகல் சூரியன் இராமநாதபுரத்தில் ஏறத்தாழ உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கிறது; அப்போது தெற்குச் சன்னல் வழியாக வெயில் உள்ளே வராது. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்தபின் அதே சன்னல் வழியே வெயில் அறைக்குள் நீண்டு விழும். அதனால் தெற்கு, மேற்குச் சன்னல்களுக்கு எதிரில் இல்லாத, வடக்குச் சுவரை ஒட்டிய, மொட்டைமாடிக்கு நேர் கீழே அமையாத இடத்தைத் தேடுங்கள்.

வெப்பத்தைக் கணக்கிட்டபின் விளக்கு

நம் கடலிலேயே 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளின் கோடையில் நீர் அளவுக்கு மீறிச் சூடாகிப் பவளங்கள் வெளுத்தன. பவளத்தின் திசுவுக்குள் வாழ்ந்து, வெளிச்சத்தைக் கொண்டு அதற்கு உணவு சமைத்துத் தரும் நுண்பாசி, வெப்பம் மிகும்போது சரியாக வேலை செய்ய முடியாமல் நச்சுப் பொருட்களை உண்டாக்குகிறது. பவளம் அதை வெளியேற்றிவிடுகிறது. நிறமும் உணவும் ஒன்றாகப் போய்விடுகின்றன. கடலில் நடந்ததே மூன்றடித் தொட்டியிலும் நடக்கும், இன்னும் விரைவாக.

தொட்டி நீர் 25 முதல் 27 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். 28 வரை பொறுக்கலாம். கான்கிரீட் கூரையுள்ள வீட்டில் வைகாசி மாதத்து மாலையில் அறையே 33, 34 டிகிரியில் இருக்கும் என்பதால், எந்த உதவியும் இல்லாமல் இந்த அளவு கிடைக்காது. இதனோடு கருவிகளின் வெப்பமும் சேர்கிறது. நூறு வாட் வெப்பம் முழுவதும் 190 லிட்டர் நீருக்குள் இறங்கினால், வெளியேறும் வெப்பத்தைக் கணக்கில் சேர்க்காத நிலையில், ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய அரை டிகிரி ஏறும். நீருக்குள் மூழ்கியிருக்கும் மோட்டார்களின் வாட் முழுவதும் அப்படி நீருக்குள் இறங்குவதுதான். எனவே தொட்டியின் மேலும் உள்ளும் ஓடப்போகும் எல்லாக் கருவிகளின் வாட்டையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். விளக்கைத் தேர்ந்தெடுக்கும்போது அந்தத் தாள் கையில் இருக்க வேண்டும்.

குளிர்விக்க மூன்று வழிகள் உண்டு. மேற்பரப்பில் காற்று வீசும் சிறு மின்விசிறி முதலாவது. ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது எடுத்துச்செல்லும் வெப்பம் 190 லிட்டர் நீரை ஏறத்தாழ மூன்று டிகிரி தணிக்கப் போதுமானது என்பதால் இதை எளிய கருவி என்று ஒதுக்க வேண்டாம். ஆனால் கடலோரத்தில் காற்றே ஈரமாக இருக்கிறது. புழுக்கமான நாளில் நீர் ஆவியாவது குறைந்து, மின்விசிறி ஓரிரு டிகிரிக்கு மேல் தணிக்காது. இரண்டாவது வழி அறைக்கே ஏ.சி.; ஏற்கெனவே நாள் முழுவதும் ஏ.சி. ஓடும் அறை இருந்தால் இதுவே சிக்கனம். மூன்றாவது சில்லர், அதாவது தொட்டி நீரையே குளிரவைக்கும் கருவி. 190 லிட்டருக்குப் பத்தில் ஒரு பங்கு குதிரைத்திறன் கொண்டது பொதுவாகப் போதும். அறை மிகச் சூடானதாக இருந்தால் ஒரு படி பெரிதாக வாங்க வேண்டும். சில்லர் எடுத்த வெப்பத்தை அறைக்குள்ளேயே கக்கும் என்பதால் அதை மூடிய பெட்டிக்குள் வைக்கக் கூடாது. இந்த மூன்றில் ஒன்றுக்குப் பணம் ஒதுக்க முடியாதவர்கள், வருத்தத்தோடு சொல்கிறேன், பவளத்தொட்டியைச் சிறிது காலம் தள்ளிவைப்பது அந்த உயிர்களுக்குச் செய்யும் நன்மை.

மின்தடைக்கு மின்கலத்தில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று எப்போதும் தயாராக இருக்க வேண்டும். சூடான நீரில் உயிர்வளி குறைவாகவே கரையும், அதனால் கோடை இரவில் மின்சாரம் நின்றால் முதலில் திணறுவது மீன்கள்தான்.

விளக்கைத் தேர்ந்தெடுத்தல்

கடையில் மூன்று வகை விளக்குகளைப் பற்றிக் கேள்விப்படுவீர்கள். மெட்டல் ஹாலைடு 150, 250, 400 வாட்களில் வரும்; கடலடியில் வெயில் நெளிவது போன்ற அழகான ஒளியலையைத் தரும்; அதோடு தாங்க முடியாத வெப்பத்தையும் தரும். நம் கடலோரத்துக்கு அது வேண்டாம். டி-5 குழல்விளக்கு நிழல் விழாமல் சீராகப் பரவும் வெளிச்சத்தைக் கொடுக்கிறது, ஆனால் குழல்களின் வெளிச்சம் மங்குவது கண்ணுக்குத் தெரியாமலே நடப்பதால் 9 முதல் 12 மாதங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அந்தக் குழல்கள் உள்ளூரில் கிடைப்பது அரிது. எனவே புதியவர்களுக்கு எல்.இ.டி. விளக்கே ஏற்றது: வெப்பம் குறைவு, நீலத்தையும் வெள்ளையையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கலாம், நேரம் குறித்துத் தானாக ஏறி இறங்கும்படி வைக்கலாம்.

அடுத்து வெளிச்சத்தின் அளவு. லிட்டருக்கு இத்தனை வாட் என்ற பழைய கணக்கு எல்.இ.டி.க்குப் பொருந்தாது, ஏனெனில் வாட் என்பது விளக்கு செலவழிக்கும் மின்சாரமே தவிர அது தரும் வெளிச்சம் அன்று. பவளத்தின் நுண்பாசிக்குப் பயன்படும் ஒளியை பி.ஏ.ஆர். என்ற அளவால் குறிக்கிறார்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு விழும் ஒளித்துகள்களை மைக்ரோமோலில் எண்ணுவது அது. தெளிந்த வானில் நண்பகல் வெயில் கடல்மட்டத்தில் ஏறக்குறைய 2,000 இருக்கும். மஷ்ரூமுக்கு 50 முதல் 80 போதும். ஸோவாந்தஸும் ஸீனியாவும் 80 முதல் 120 வரை நன்றாக இருக்கும். தோல் பவளம் 100 முதல் 150ஐ விரும்பும். கிளைக்கொம்புப் பவளங்கள் கேட்பது 200க்கும் 350க்கும் இடைப்பட்ட அளவு. அவற்றுக்காகவே செய்யப்பட்ட விலையுயர்ந்த விளக்குகளை மென்பவளத் தொட்டிக்கு வாங்கினால் பாதி வலுவுக்கு மேல் எரியவிட முடியாது. அந்தப் பணத்தைச் சில்லருக்குப் போடுங்கள்.

வெளிச்சத்தின் நிறமும் முக்கியம். கடல்நீர் சிவப்பை மேல்மட்டத்திலேயே உறிஞ்சிவிட்டு நீலத்தையே ஆழத்துக்கு விடுகிறது. பவளத்தின் நுண்பாசியும் 450 நானோமீட்டரை ஒட்டிய நீலத்தை நன்றாகப் பயன்படுத்திக்கொள்கிறது. 14,000 முதல் 20,000 கெல்வின் என்று குறிக்கப்படும் நீலம் மிகுந்த வெள்ளை ஒளி பொருத்தமானது. வீட்டுக்கு வாங்கும் 6,500 கெல்வின் விளக்கில் தொட்டி பளிச்சென்று தெரிந்தாலும் நீலம் போதாது. பச்சைப் பாசிதான் முந்திக்கொள்ளும்.

பரப்பைக் கவனியுங்கள். ஒரு சிறிய எல்.இ.டி. பலகை சுமார் 45 முதல் 60 செ.மீ. வரை நீள அகலமுள்ள பரப்பைத்தான் ஒழுங்காக மூடும். மூன்றடித் தொட்டியின் நடுவில் ஒரே ஒரு வலுவான பலகையைத் தொங்கவிட்டால் நடுவில் பவளம் வெளுக்க, மூலைகளில் இருள் சூழும். அதே செலவில் மிதமான இரண்டு பலகைகள், 90 முதல் 120 டிகிரி விரியும் லென்ஸோடு, நீர்மட்டத்துக்கு 20 முதல் 25 செ.மீ. உயரத்தில் இருந்தால் வெளிச்சம் சீராகப் பரவும். இரண்டும் சேர்ந்து 80 முதல் 100 வாட் இருந்தால் ஒன்றரை அடி உயரத் தொட்டியில் மென்பவளங்களுக்குப் போதும், அதையும் முழு வலுவில் எரியவிட வேண்டியிராது.

பி.ஏ.ஆர். அளக்கும் கருவி விலை அதிகம். தொட்டி வைத்திருக்கும் நண்பர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கி முறைவைத்துப் பயன்படுத்தலாம். அது இல்லாதபோது லக்ஸ் மீட்டர் ஓரளவு கைகொடுக்கும், ஆனால் அது மனிதக் கண்ணுக்கேற்ப அளப்பதால் நீல ஒளியைக் குறைத்தே காட்டும். அந்த எண்ணை அப்படியே நம்பாமல், நடுப்பகுதிக்கும் மூலைக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று ஒப்பிடுவதற்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

கடற்காற்றுள்ள வீட்டில் விளக்கின் ஆயுளைக் குறைப்பது உப்பு. விளக்குக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் டிரைவர் பெட்டியைத் தொட்டிக்கு மேலே வைக்காமல் தள்ளிச் சுவரில் மாட்ட வேண்டும். பலகையின் உள்விசிறியில் படியும் வெள்ளை உப்புப் பொருக்கை மாதம் ஒருமுறை, மின்இணைப்பைத் துண்டித்துவிட்டு, உலர்ந்த தூரிகையால் துடைக்க வேண்டும். ஒவ்வொரு மின்கம்பியும் பிளக்கிற்குக் கீழே தொங்கி வளைந்து மேலேறும்படி இருந்தால், கம்பி வழியே வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், பிளக்கை எட்டாது. எர்த் இணைப்பும் மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தை உடனே துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் இல்லாமல் கடல்நீர்த் தொட்டியை ஒரு நாள்கூட ஓட்ட வேண்டாம். வீட்டில் குழந்தைகள் இருப்பார்கள்.

விளக்கைப் பழக்குதல்

நீர் நிரப்பி, கல்லும் மணலும் வைத்தபின் முதல் நான்கு முதல் ஆறு வாரங்கள் நற்கிருமிகள் பெருகி அம்மோனியாவை மாற்றும் காலம். அப்போது விளக்கே தேவையில்லை. வெறும் தொட்டியில் விளக்கை எரியவிட்டால் பாசிக்கு விருந்து வைத்ததாகும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியம் காட்டியபின், முதலில் மஷ்ரூம் ஒன்றிரண்டை அடிமணலின் ஓரத்தில் வைத்து, விளக்கை முப்பது அல்லது நாற்பது விழுக்காடு வலுவில் ஏற்றுங்கள். வாரத்துக்கு ஐந்து விழுக்காடு கூட்டிக்கொண்டு போனால் போதும்.

ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் வெளிச்சம் கொடுங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் ஒவ்வொரு மணி நேரம் நீலம் மட்டும் எரியலாம். இந்த எட்டு மணி நேரம் பகலிலேயே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பிற்பகல் மூன்று மணிக்கு ஏற்றி இரவு பதினொன்றுக்கு அணைப்பதே நம் வீடுகளுக்கு நல்லது என்பேன். நண்பகல் வெப்பமும் விளக்கின் வெப்பமும் ஒன்றுசேராமல் தவிர்க்கப்படும். வேலைக்குப் போய்த் திரும்புகிறவர்களும் தொட்டியைப் பார்க்கலாம்.

வெளிச்சம் கூடியதா குறைந்ததா என்பதைப் பவளமே சொல்லும். ஸோவாந்தஸின் தண்டு நாளுக்கு நாள் நீண்டு, தலைகள் விளக்கை நோக்கி எக்கினால் வெளிச்சம் போதவில்லை. மஷ்ரூமின் விளிம்பு உள்நோக்கிச் சுருண்டு, நடுப்பகுதி வெளிறினால் வெளிச்சம் மிகுதி. அதைக் கல்லின் நிழல் பக்கத்துக்கு நகர்த்துங்கள். தோல் பவளத்தைப் பார்த்து மட்டும் அவசரப்படாதீர்கள். அது அவ்வப்போது தன் நுண்கைகளை எல்லாம் உள்ளிழுத்துக்கொண்டு, மேற்பரப்பு மழமழவென்று மெழுகு பூசியது போலாகி, சில நாட்கள் மூடியே கிடக்கும். பிறகு மெல்லிய தோல் ஒன்று ஓரத்திலிருந்து உரிந்து நீரோட்டத்தில் ஆடிக் கழன்று போகும். அடியில் புதிய பரப்பில் நுண்கைகள் மறுபடி முளைத்துப் பரவும். இந்த நாட்களில் விளக்கைக் கூட்டுவதும் குறைப்பதும் இடம் மாற்றுவதும் தேவையற்றவை. நீரோட்டம் நன்றாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

கோடையில் சில்லர் பழுதாகியோ மின்சாரம் நீண்ட நேரம் நின்றோ நீர் 30 டிகிரியைத் தொட்டால், மீனைப் பார்ப்பதற்கு முன்பே விளக்கை அணையுங்கள். வெப்பமும் கடும் வெளிச்சமும் ஒன்றாகத் தாக்கும்போதுதான் பவளம் விரைவாக வெளுக்கிறது. வெளிச்சம் இல்லாமல் இரண்டு நாள் இருப்பது அதற்குப் பெரிய இழப்பு அன்று. பனிக்கட்டியை நேரடியாக நீரில் போடாமல், நன்றாக மூடிய தண்ணீர்ப் பாட்டில்களை ஃபிரிஜில் உறையவைத்து ஒவ்வொன்றாக மிதக்கவிட்டு, மணிக்கு ஒரு டிகிரிக்கு மேல் இறங்காமல் தணியுங்கள். நீர் 28க்கு வந்து ஒரு நாள் நிலைத்தபின் விளக்கைப் பழைய வலுவில் பாதிக்கு ஏற்றி, இரண்டு வாரங்களில் சிறிது சிறிதாகப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும்.